உத்தேசக் கணக்கு: விடையைக் கணக்கிடும் முன்பே நெருங்கும் முறைகள் – முழுமையான வழிகாட்டி

47-ஐ 63-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டால், "ஒரு மூவாயிரம் இருக்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். "மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு" என்று இன்னொருவர் சொல்கிறார். இருவரும் 50-ஐயும் 60-ஐயும் பெருக்கித்தான் அந்த எண்ணுக்கு வந்தார்கள். ஆனால் இரண்டாமவர், தாம் செய்த மாற்றம் விடையை எந்தப் பக்கம் நகர்த்தியது என்பதையும் கவனித்திருக்கிறார். சரியான விடை 2,961. முதலாமவரிடம் உள்ளது ஓர் எண் மட்டுமே. இரண்டாமவரிடம் அந்த எண்ணோடு அதன் பிழையைப் பற்றிய அறிவும் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது பகுதியைப் பற்றியதே. எண்களை முழுதாக்குவதை, அதாவது அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ ஆயிரத்துக்கோ மாற்றிக்கொள்வதை, பள்ளியில் எல்லோரும் படித்துவிடுகிறோம். எந்த எண்ணை எந்தப் பக்கம் முழுதாக்கினால் பிழை அடங்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

படி 1: எவ்வளவு துல்லியம் தேவை, எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை

எண்களைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். கையில் 2,000 ரூபாயோடு மளிகைக் கடையில் நிற்பவர், பொருள்களின் விலையை மேல்நோக்கியே முழுதாக்க வேண்டும். உத்தேசத் தொகை உண்மையைவிடக் கூடுதலாக இருந்தும் 2,000-க்குள் அடங்கினால், பணம் போதும் என்பது உறுதியாகிவிடுகிறது. மாதத் தவணை கட்ட வருமானம் போதுமா என்று பார்ப்பவர் வருமானத்தைக் கீழ்நோக்கியும் செலவை மேல்நோக்கியும் முழுதாக்க வேண்டும். அறுநூறு பேருக்குச் சமைப்பவரும், சரக்கு வண்டியில் எடை ஏற்றுபவரும் ஒரே மாதிரி முழுதாக்கினால் ஒருவருக்குச் சோறு பற்றாமல் போகும், அல்லது இன்னொருவருக்கு அச்சு முறியும்.

போட்டித் தேர்வில் இந்தக் கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவை 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் ஓர் இலக்க உத்தேசமே பெரும்பாலும் போதும். ஒன்றிரண்டு சதவீதமே விலகியிருந்தால் உத்தேசத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் கடைசி இலக்கத்தைப் பார்ப்பதோ முழுக் கணக்கைப் போடுவதோ நல்லது.

படி 2: இலக்கங்களின் எண்ணிக்கையை உறுதி செய்தல்

கணிப்பான் தவறு செய்வதில்லை. அதை அழுத்தும் விரல் தவறு செய்கிறது. அந்தத் தவறுகளில் மிகவும் ஆபத்தானது, ஒரு பூஜ்ஜியம் கூடுவதும் புள்ளி ஓரிடம் தள்ளிப்போவதும்தான். ஆகவே விடை ஆயிரத்திலா, பத்தாயிரத்திலா, லட்சத்திலா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் பெருக்கினால் விடையில் நான்கு அல்லது ஐந்து இலக்கங்களே இருக்க முடியும். முதல் இலக்கங்களின் பெருக்கல்பலன் பத்தையோ அதற்கு மேலோ எட்டினால் ஐந்து இலக்கம் உறுதி: 38-ஐ 412-ஆல் பெருக்கும்போது 3 × 4 = 12 என்பதால் விடை பத்தாயிரத்தைத் தாண்டியே ஆக வேண்டும். பெரிய எண்களுக்கு நம் எண் பெயர்களைக் கொண்டே ஒரு சிறு வாய்ப்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நூறு நூறு பத்தாயிரம். ஆயிரம் ஆயிரம் பத்து லட்சம். நூறு லட்சம் ஒரு கோடி. ஆயிரம் லட்சம் பத்துக் கோடி. லட்சம் லட்சம் ஆயிரம் கோடி. செய்திகளில் வரும் மில்லியன் என்பது பத்து லட்சம், பில்லியன் என்பது நூறு கோடி.

ஒரு குடியிருப்பில் 1,250 வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்கு நாளொன்றுக்கு 480 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,250 என்பது பன்னிரண்டரை நூறு, 480 என்பது ஐந்து நூறுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டரையை ஐந்தால் பெருக்கினால் அறுபத்திரண்டரை; நூறு நூறு பத்தாயிரம்; ஆக ஆறேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சரியான விடை 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் கொண்டுவந்தால் ஐம்பது நடை. கணிப்பானில் 60 லட்சம் என்று வந்திருந்தால், ஐந்நூறு லாரி என்ற எண்ணே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும்.

படி 3: முழுதாக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஐந்தும் அதற்கு மேலும் என்றால் மேலே, நான்கும் அதற்குக் கீழும் என்றால் கீழே என்பது பள்ளி விதி. இதில் ஓர் எச்சரிக்கை மட்டும் போதும்: இரண்டு கட்டமாக முழுதாக்கக் கூடாது. 2,447-ஐ நேரே நூறுக்கு முழுதாக்கினால் 2,400. முதலில் பத்துக்கு முழுதாக்கி 2,450 என்று கொண்டு, பிறகு அதை நூறுக்கு முழுதாக்கினால் 2,500 என்று தவறான பக்கம் போய்விடும்.

இதைவிட முக்கியமானது, எந்த இடத்துக்கு முழுதாக்குவது என்ற கேள்வி. கூட்டலில் எல்லா எண்களையும் ஒரே இடமதிப்புக்கு முழுதாக்க வேண்டும். 48,370 என்ற எண்ணை ஆயிரத்துக்கு முழுதாக்கிவிட்டு, அதோடு கூட்டும் 23-ஐ ஒன்றுக்கு நுணுக்கமாக வைத்திருப்பதில் பயனே இல்லை. பெருக்கலில் நிலைமை தலைகீழ். 48,370-ஐ 23-ஆல் பெருக்கும்போது 23-ஐ 20 ஆக்கினால் விடை 13 சதவீதம் குறைந்துவிடுகிறது. 48,370-ஐ 48,000 ஆக்கினால் ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. கூட்டலில் பிழையின் அளவு கணக்கில் வருகிறது, பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையின் சதவீதம் கணக்கில் வருகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இனி வரும் எல்லா முறைகளும் அதிலிருந்தே கிளைப்பதைக் காணலாம்.

படி 4: கூட்டலும் கழித்தலும்

ஒரு மளிகைச் சீட்டில் 187, 342, 68, 455, 129, 93, 276, 214 என்ற எட்டுத் தொகைகள் இருக்கின்றன. முதல் சுற்றில் நூறுகளை மட்டும் கூட்டுங்கள்: 1, 3, 0, 4, 1, 0, 2, 2 சேர்ந்து 13, ஆக 1,300. இரண்டாம் சுற்றில் மிச்சங்களை நூறு நூறாகச் சேர்க்கும் இணைகளாகப் பாருங்கள்: 87-உம் 14-உம் ஏறத்தாழ நூறு, 42-உம் 55-உம் ஏறத்தாழ நூறு, 68-உம் 29-உம் ஏறத்தாழ நூறு, 93-உம் 76-உம் ஏறத்தாழ நூற்றெழுபது. மொத்தம் 1,770. சரியான கூட்டுத்தொகை 1,764. இதையே பள்ளி விதிப்படி ஒவ்வொரு தொகையையும் நூறுக்கு முழுதாக்கிக் கூட்டினால் 1,800 வரும். அதுவும் பரவாயில்லை, ஆனால் இரண்டு சுற்று முறையில் கூடுதலாகச் செலவாவது சில வினாடிகள்தான்.

மிச்சங்களைப் பார்க்கவும் நேரம் இல்லையென்றால், ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி ஐம்பது மிச்சம் என்று கொண்டு, எட்டுப் பொருளுக்கு நானூறு சேர்த்து 1,700 என்று நிறுத்தலாம். ஆனால் துணிக்கடையிலும் இணைய விற்பனையிலும் விலைகள் 199, 499, 799 என்று வேண்டுமென்றே வைக்கப்படுவதால், அங்கே இந்த ஐம்பது செல்லாது. அங்கே ஒவ்வொன்றையும் அடுத்த நூறுக்கு ஏற்றுவதே சரி.

எண்கள் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கூட்டவே வேண்டாம். பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆறு நாள் வரவு 412, 398, 405, 421, 389, 407 லிட்டர் என்றால், 400-ஐ ஆறால் பெருக்கி 2,400 என்று கொள்ளலாம். விலகல்களையும் பார்த்தால் 12, குறை 2, 5, 21, குறை 11, 7, நிகரம் 32, ஆக 2,432, அதுவே சரியான விடையும் ஆகும். உத்தேசமாகத் தொடங்கிய வழி துல்லியத்தில் முடியும் இடங்களில் இது ஒன்று.

கழித்தலில்தான் உத்தேசம் மோசமாக ஏமாற்றும். 8,143-லிருந்து 7,968-ஐக் கழிக்க வேண்டும். ஆயிரத்துக்கு முழுதாக்கினால் விடை பூஜ்ஜியம். நூறுக்கு முழுதாக்கினால் 100. சரியான விடை 175. இரண்டு பெரிய எண்களும் நெருங்கியிருக்கும்போது, அவற்றில் ஒரு சதவீதம் என்ற அற்பப் பிழைகூட வித்தியாசத்தில் பாதியைத் தின்றுவிடும். வியாபாரத்தில் லாபத்தை இப்படி உத்தேசமாகச் சொல்வது ஆபத்து என்பதற்குக் காரணம் இதுவே: வரவும் செலவும் ஏறத்தாழ சரியாக இருக்கும், லாபம் மட்டும் முற்றிலும் தவறாக இருக்கும். இங்கே முழுதாக்குவதை விட்டுவிட்டு, நடுவில் ஒரு நல்ல எண்ணை நிறுத்தி இரு பக்கத் தொலைவையும் கூட்ட வேண்டும். 8,000-லிருந்து ஒரு பக்கம் 143, மறு பக்கம் 32, மொத்தம் 175.

படி 5: பெருக்கலில் ஒன்றை ஏற்றினால் மற்றொன்றை இறக்குதல்

85-ஐ 65-ஆல் பெருக்க வேண்டும். பள்ளி விதி இரண்டையும் மேலேற்றச் சொல்கிறது: 90 × 70 = 6,300. சரியான விடை 5,525. பிழை 14 சதவீதம். ஒன்றை ஏற்றி மற்றொன்றை இறக்கிப் பாருங்கள்: 80 × 70 = 5,600; 90 × 60 = 5,400. பிழை இப்போது இரண்டு சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. விதியை மீறியதால் விடை நெருங்கியிருக்கிறது.

காரணம் எளியது. ஒரு காரணியை 6 சதவீதம் உயர்த்தினால் பெருக்கல்பலன் 6 சதவீதம் உயரும். மற்றதை 5 சதவீதம் குறைத்தால் பலனும் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். நிகரமாக ஒரு சதவீதம்தான் மிஞ்சும். சிறிய சதவீத மாற்றங்களை இப்படிக் கூட்டியும் கழித்தும் பார்க்கலாம் என்பது உத்தேசக் கணக்கின் மிகப் பயனுள்ள உண்மை. தொடக்கத்தில் பார்த்த 47 × 63-இல் 47-ஐ 50 ஆக்கியது சுமார் 6.4 சதவீத ஏற்றம். 63-ஐ 60 ஆக்கியது சுமார் 4.8 சதவீத இறக்கம். ஏற்றமே மிகுதி என்பதால் 3,000 என்ற உத்தேசம் உண்மையைவிடக் கூடுதல். எனவேதான் "சற்றுக் குறைவு" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

நகைக்கடைக் கணக்கில் இது நன்றாக விளங்கும். ஒரு சங்கிலியின் எடை 27.4 கிராம், கிராம் விலை 9,180 ரூபாய், சேதாரம் 8 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொள்வோம். விலையை 9,000-க்கு இறக்கினால் 2 சதவீதம் குறைகிறது. அதை ஈடுகட்ட எடையை 28-க்கு ஏற்றினால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. 28-ஐ 9,000-ஆல் பெருக்கினால் 2,52,000. சரியான தொகை 2,51,532. இனிச் சேதாரத்தையும் வரியையும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. 8-உம் 3-உம் 11, வரி சேதாரத்தின் மேலும் விழுவதால் அதற்குச் சிறிது மேல். இரண்டரை லட்சத்தில் 11 சதவீதம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் 2 லட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டி நிற்கும். முழுக் கணக்கு 2,79,804 ரூபாய் என்று வருகிறது. சீட்டு எழுதி முடிவதற்குள் இதைச் செய்துவிடலாம். சீட்டில் 2,92,000 என்று இருந்தால், கல்லுக்கோ கூலிக்கோ வேறு ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும்.

சில எண்களைக் கண்டால் பெருக்கவே கூடாது. 25 என்பது நூறில் கால், 125 என்பது ஆயிரத்தில் அரைக்கால், 33 என்பது நூறில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 24 × 37 வந்தால் 25 × 36 என்று மாற்றுங்கள். 36-இல் கால் பங்கு ஒன்பது, ஆக 900. சரியான விடை 888. 68 × 34-ஐ 70 × 33 என்று கொண்டால் 2,310. சரியான விடை 2,312.

விடை கட்டாயம் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று தெரிய வேண்டிய இடங்களில், இரண்டையும் இறக்கி ஒரு முறையும் இரண்டையும் ஏற்றி ஒரு முறையும் பெருக்கிக்கொள்ளலாம். 47 × 63 என்பது 2,400-க்கும் 3,500-க்கும் இடையில்தான் இருக்க முடியும். இந்த இடைவெளி அகலமானது, ஆனால் அதில் ஐயத்துக்கு இடமில்லை.

படி 6: வகுத்தலில் இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்துதல்

பெருக்கலின் விதி இங்கே திரும்பிவிடுகிறது. வகுத்தியை 3 சதவீதம் ஏற்றினால் ஈவு 3 சதவீதம் குறையும்; அதைச் சரிக்கட்ட வகுபடும் எண்ணையும் 3 சதவீதம் ஏற்ற வேண்டும். 7,340-ஐ 87-ஆல் வகுக்கும்போது, வாய்ப்பாட்டுக்கு வசதியாக இருக்கிறதே என்று 7,200-ஐ 90-ஆல் வகுத்தால் 80 கிடைக்கும். ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றியதால் இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன. சரியான ஈவு 84.4. 87-ஐ 90 ஆக்கியது மூன்று சதவீதத்துக்கு மேலான ஏற்றம் என்பதால் 7,340-ஐயும் அதே அளவு ஏற்றி 7,600 என்று கொண்டால், 7,600 ÷ 90 = 84.4 என்று கிடைத்துவிடுகிறது.

வாய்ப்பாட்டுக்கு இசையும் எண்களைத் தேடும் பழக்கமும் வேண்டும், ஆனால் திசையை விட்டுவிடாமல். 4,378-ஐ 62-ஆல் வகுக்க 4,200-ஐயும் 60-ஐயும் எடுத்தால், இரண்டும் இறங்கியிருக்கின்றன, ஈவு 70. உண்மை 70.6. இரு சக்கர வாகனம் 11.7 லிட்டரில் 438 கிலோமீட்டர் ஓடியது என்றால், 11.7-ஐ 12 ஆக ஏற்றியது இரண்டரை சதவீதம். 438-ஐ அதே விகிதத்தில் 450 ஆக்கி 12-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 37.5 கிலோமீட்டர்.

எந்தப் பொட்டலம் மலிவு என்பதும் வகுத்தல் கணக்குத்தான், ஆனால் அதை வகுக்காமலே முடிக்கலாம். 500 கிராம் 228 ரூபாய், 850 கிராம் 372 ரூபாய். முதலாவது இரட்டித்தால் கிலோ 456. இரண்டாவதில் 850-ஐ ஆயிரமாக்க ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்ட வேண்டும். 372-இல் ஆறில் ஒன்று 62. ஆக கிலோ 434-க்குச் சற்று மேல். பெரிய பொட்டலம் கிலோவுக்கு இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகச் சிக்கனம்.

படி 7: சதவீதங்கள்

பத்து சதவீதத்தையும் ஒரு சதவீதத்தையும் புள்ளியை நகர்த்திப் பெறலாம். மற்றவை அவற்றிலிருந்து வரும். 18 சதவீத ஜி.எஸ்.டி.க்கு இருபது சதவீதத்தை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். 4,650-இல் இருபது சதவீதம் 930. அதில் 93 போனால் 837. இதில் தோராயம் எதுவும் இல்லை, முழுத் துல்லியம். 48-இல் 25 சதவீதமும் 25-இல் 48 சதவீதமும் ஒன்றுதான் என்பதால், எது எளிதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

பின்னங்களாக மாற்றும் பழக்கம் நம் பழைய கணக்கில் மிகவும் வேரூன்றியிருந்தது. ஒரு மா என்பது இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம். மாகாணி பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம், அரைக்கால் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். இவற்றோடு ஆறில் ஒன்று 16.7, ஏழில் ஒன்று 14.3, ஒன்பதில் ஒன்று 11.1 என்பவையும் நினைவில் இருந்தால், 14 சதவீதம் என்றதும் ஏழால் வகுக்கத் தோன்றும்.

சிறு சதவீதங்களைக் கூட்டலாம் என்றேன். பெரியவற்றைக் கூட்டக் கூடாது. 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் 10 சதவீதம் என்றால் அது 30 அன்று, 28. 50 சதவீதத்துக்கு மேல் 40 சதவீதம் என்ற விளம்பரத்தில் மொத்தத் தள்ளுபடி 90 அன்று, 70 மட்டுமே.

கூட்டு வட்டியில் பணம் இரட்டிக்கும் காலத்தை அறிய 72-ஐ வட்டி விகிதத்தால் வகுக்கலாம். இந்த விதி 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது. 6 சதவீதத்துக்கு 12 ஆண்டு, 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு, 12 சதவீதத்துக்கு 6 ஆண்டு. இவற்றில் எதிலும் பிழை சில வாரங்களைத் தாண்டுவதில்லை.

படி 8: வர்க்கமூலமும் கர்ணமும்

அருகில் உள்ள முழு வர்க்கத்தைப் பிடித்து, வித்தியாசத்தை மூலத்தின் இரு மடங்கால் வகுத்துச் சரிசெய்ய வேண்டும். 60-க்கு அருகில் 64, அதன் மூலம் 8, வித்தியாசம் 4-ஐ 16-ஆல் வகுத்தால் கால், ஆக 7.75. சரியான மதிப்பு 7.746. இந்த முறையில் கிடைப்பது எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு வர்க்கமூலமே இல்லாத ஒரு வழி தமிழில் செய்யுளாக வழங்கிவருகிறது: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குறுகிய பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். 30-க்கு 40 அடி மனையில் 40-இல் 5 போக 35, அதோடு 15 சேர்த்தால் 50. இது சரியான விடை. 24-க்கு 60 அடியில் இதே வழி 64.5 தருகிறது, உண்மை 64.6. இதைத் தேற்றமாகப் பரப்புவது தவறு, உத்தேச விதியாக ஏற்பதே முறை. குறுகிய பக்கம் நீண்ட பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும்வரை பிழை 3 சதவீதத்தைத் தாண்டாது. பக்கங்கள் சமமாகும்போதுதான் அந்த உச்சம் வருகிறது. குறுகிய பக்கம் மிகச் சிறியதானால் பிழை 12.5 சதவீதம் வரை போகும், ஆகவே நீண்டு ஒடுங்கிய நிலத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

படி 9: நாளிதழில் வரும் எண்களோடு பழகுதல்: டி.எம்.சி.யும் கன அடியும்

தனித்தனி முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்த, அணை நீர்மட்டச் செய்தியைவிட நல்ல களம் தமிழ் வாசகருக்குக் கிடையாது. ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். சென்னை மாநகருக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் தேவை என்று கொண்டால், ஒரு டி.எம்.சி. அந்நகருக்கு இருபத்தெட்டு நாள் தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி.; 3.645-ஐ 3.5-க்கு இறக்கி, 28.3-ஐ 29.5-க்கு ஏற்றினால் 103. ஏரி நிரம்பியிருந்தால் வெறும் கணக்கின்படி நூற்று மூன்று நாள்.

நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று தரப்படுகிறது. ஒரு நாளில் 86,400 வினாடிகள். நூறு கோடியை 86,400-ஆல் வகுத்தால் 11,574. எனவே வினாடிக்கு 12,000 கன அடி என்றால் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி. என்று கொள்ளலாம், இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்தால் பாதிச் செய்தி விளங்கிவிடும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இருப்பு 57 டி.எம்.சி., வரத்து வினாடிக்கு 30,000 கன அடி, திறப்பு 10,000 கன அடி என்று ஒரு நாள் நிலவரம் இருப்பதாகக் கொள்வோம். நிகர வரத்து 20,000 கன அடி, அதாவது நாளுக்கு ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான டி.எம்.சி. நிரம்ப வேண்டியது முப்பத்தாறரை. வகுத்தால் 22 நாள். ஆனால் 11,574-ஐ 12,000 ஆக்கியபோது நாம் 3.7 சதவீதம் ஏற்றிவிட்டோம், அதனால் நாள்கணக்கும் அதே அளவு ஏறியிருக்கிறது. அதைக் கழித்தால் 21 நாள். ஆவியாவதை இதில் சேர்க்கவில்லை. வரத்தும் ஒரே அளவில் நிற்காது. எனவே இதற்கு மேல் நுணுக்கம் தேடுவது வீண்.

2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு நிர்ணயித்த காவிரி நீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. இது நாள் சராசரியில் எவ்வளவு? 365-ஐ 360-க்கு இறக்கினால், வகுத்தல் விதிப்படி 177.25-ஐயும் 175-க்கு இறக்க வேண்டும். 175 ÷ 360 என்பது அரைக்குச் சற்றுக் குறைவு, 0.486. அரை டி.எம்.சி. என்பது சுமார் 5,800 கன அடி. அதில் மூன்று சதவீதம் குறைத்தால் வினாடிக்கு 5,600 கன அடி. பங்கீடு மாதத்துக்கு மாதம் மாறுவது என்பதால் இது ஆண்டுச் சராசரி மட்டுமே. எனினும் ஒரு நாள் திறப்பு 3,000 என்றோ 15,000 என்றோ படிக்கும்போது அதை எதோடு ஒப்பிடுவது என்று தெரிகிறது.

படி 10: தரவே இல்லாதபோது

1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டபோது, சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் நின்ற இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி, அதிர்வலை வந்து கடக்கும் நேரத்தில் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டார். அவை இரண்டரை மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போனதைக் கொண்டு, வெடிப்பின் ஆற்றல் பத்தாயிரம் டன் டி.என்.டி.க்குச் சமம் என்று கணித்தார். பின்னர் நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த அளவு 21 ஆயிரம் டன். இரு மடங்குப் பிழை என்று அதைக் குறைசொல்ல முடியாது. ஆயிரமா, லட்சமா என்றே தெரியாத இடத்தில் அது பெரிய அறிவு.

இத்தகைய கேள்விகளில் தெரியாத ஒவ்வொரு காரணிக்கும் நிச்சயமான கீழெல்லையும் மேலெல்லையும் எழுதி, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சாதாரணச் சராசரி எடுக்கக் கூடாது. பேருந்து நிலையத் தேநீர்க் கடை நாளொன்றுக்கு நூறு தேநீருக்குக் குறையாமலும் 2,500-க்கு மேற்படாமலும் விற்கும் என்றால், சராசரி 1,300. பெருக்கலின் வர்க்கமூலம் 500. முதலாவது மேலெல்லையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. 500 என்பது கீழெல்லைக்கு ஐந்து மடங்கு, மேலெல்லைக்கு ஐந்தில் ஒன்று. எப்படித் தவறினாலும் ஐந்து மடங்குக்கு மேல் தவறாது. தேநீருக்கு 60 மில்லி பால் என்றால் நாளுக்கு 30 லிட்டர் பால் என்பது அதிலிருந்து வருகிறது.

படி 11: உத்தேசத்தைக் கொண்டு சரியான விடையைச் சோதித்தல்

உத்தேச மதிப்பை முதலில் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் முழுக் கணக்கைத் தொடங்க வேண்டும். விடை வந்த பிறகு உத்தேசம் போட்டால், மனம் தானாகவே அந்த விடையை நோக்கி எண்களை முழுதாக்கும்.

உத்தேசம் பிடிக்காத தவறுகளும் உண்டு; அவற்றுக்கு ஒன்பது நீக்கும் சோதனை துணை. 68 × 34 = 2,312 என்பதில் 68-இன் இலக்கங்களை ஓரிலக்கம் ஆகும்வரை கூட்டிச் சுருக்கினால் 5, 34-க்கு 7; இவற்றின் பெருக்கல்பலன் 35, சுருக்கினால் 8. விடையின் இலக்கங்கள் 2, 3, 1, 2 கூடினாலும் 8. ஒருவர் தவறுதலாக 2,322 என்று எழுதியிருந்தால் 2,310 என்ற உத்தேசம் அதைக் கண்டுகொள்ளாது. ஒன்பது சோதனையில் 9 வந்து பிடிபடும். இலக்கம் மாறி 2,132 என்று எழுதியிருந்தால் ஒன்பது சோதனை ஏமாந்துவிடும், கடைசி இலக்கமும் பொருந்தும். உத்தேசம்தான் அதைப் பிடிக்கும். எனவே இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

முழுதாக்கிய எண்ணை மீண்டும் மீண்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும் நீண்ட கணக்கில், இடைக்கட்டங்களில் ஓர் இலக்கம் கூடுதலாக வைத்திருந்து கடைசியில் மட்டும் முழுதாக்குங்கள். மருந்தின் அளவு, பத்திரத்தில் எழுதும் நிலப்பரப்பு, வரிக் கணக்கில் செலுத்தும் தொகை ஆகியவற்றில் உத்தேசத்துக்குச் சோதிக்கும் வேலை மட்டுமே உண்டு. எழுதப்படும் எண் முழுக் கணக்கிலிருந்தே வர வேண்டும்.